தூண்டில் மாமா

எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பிடிக்காத விஷயங்கள் மூன்று. ரேடியோவைச் சத்தமாக வைப்பது. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவது. மூன்றாவது, என் தாய்மாமா.

மாமா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து 11 கிலோமீட்டர். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் பஸ்ஸை விட்டு இறங்குகிற மனுஷன், வீட்டுக்குப் போய் படுக்க வேண்டுமா இல்லையா? மாட்டார். தலைமுடியில் பஞ்சுத் துகளோடு நேரே பெரியகுளம் கண்மாய்க்குத்தான் போவார். கரையில் ஒரு வேலமர நிழலில் தூண்டிலோடு உட்கார்ந்தால் பத்து மணி வரை அசைய மாட்டார்.

“மில்லுல சம்பளம் வாங்குறவன் மீனுக்குப் பின்னாடி அலையுறான். குடும்பம் விளங்குமா?” என்பார் அப்பா. அம்மா பதில் பேச மாட்டாள். ஆனால் மாமா கொண்டுவந்து கொடுக்கும் கெண்டையையும் கெளுத்தியையும் உரசிக் கழுவி, மண்சட்டியில் குழம்பு வைத்துவிடுவாள். அந்தக் குழம்பை அப்பா மூன்று தடவை போட்டுச் சாப்பிடுவார். கொள்கை வேறு, குழம்பு வேறு.

எனக்கு விடுமுறை என்றால் மாமாவின் பக்கத்தில்தான் வாசம். அவருடைய ஆயுதங்களின் மொத்த மதிப்பு அன்றைய கணக்கில் பத்து ரூபாய் தேறாது. ஒரு மூங்கில் கம்பு, தங்கூஸ் நரம்பு, நாலைந்து முள், துளியூண்டு ஈயம். மயிலிறகின் தண்டை வெட்டி அவரே செய்த தக்கை. மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தோண்டிய மண்புழு, ஒரு கொட்டாங்கச்சியில். அவ்வளவுதான்.

வித்தை எல்லாம் தக்கையைப் படிப்பதில் இருந்தது. “தக்கை டொக்கு டொக்குன்னு தந்தி அடிச்சா கெண்டை. ஒரே இழுப்பா சாய்ச்சுக்கிட்டு ஓடுனா கெளுத்தி. கடிச்சுக் கடிச்சு விளையாடுனா ஜிலேபி. மெதுவா, சொல்லாம கொள்ளாம உள்ள போச்சுன்னா நண்டு, முள்ளை வெட்டிரும், சட்டுனு தூக்கிரு மாப்ளே.” தண்ணீருக்கு அடியில் நடப்பதை, மேலே மிதக்கும் விரல் நீளத் தண்டு சொல்லிவிடும். பின்னாளில் காமர்ஸ் வகுப்பில் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து கம்பெனியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னபோது, எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

மாமாவுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது.

ஐப்பசி மழைக்குக் கண்மாய் பெருகியபின், கரையோரக் கோரைப்புல்லுக்கு நடுவே சில இடங்களில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். வானத்தில் மேகமே இருக்காது, அந்த இடத்தில் மட்டும் தூறல் போடுவது போல் புள்ளி புள்ளியாகத் துள்ளும். உற்றுப் பார்த்தால் செக்கச் செவேல் என்று நூற்றுக்கணக்கில் குஞ்சுகள். விரால் குஞ்சு. விராலுக்குக் காற்றையும் குடிக்க வேண்டும், அதனால்தான் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து போகும். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். எது கிட்டே வந்தாலும் பாய்ந்து கடிக்கும்.

“இந்த இடத்துல மட்டும் தூண்டி போடக் கூடாது. மத்தபடி கண்மாய் பூரா உனக்குத்தான்.”

“ஏன் மாமா?”

“அது பசிக்குக் கடிக்கல மாப்ளே. பிள்ளையைக் காப்பாத்தக் கடிக்குது. அதைப் பிடிக்கிறதுக்குத் தூண்டில்காரன் எதுக்கு?”

எனக்கு அப்போது பதினோரு வயது. கூடாது என்று சொன்ன இடத்தில்தானே கை அரிக்கும்?

மாமா பகல் ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு நாள், ஒரு குட்டித் தவளையை முள்ளில் கோத்து, கொதிக்கும் அந்தச் செம்புள்ளிக் கூட்டத்தின் நடுவில் போட்டேன். இரண்டாம் தடவைகூடப் போட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் வெடித்தது. கம்பு வளைந்தது. இழுத்துக் கரையில் போட்டபோது என் முழங்கையைத் தாண்டிய நீளம். ஒன்றரைக் கிலோவாவது இருக்கும். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அப்பாகூட, “பரவாயில்லையே” என்றார். அவர் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னது, எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

ராத்திரி மாமா வந்தார். குழம்பு வாசம். எங்கே பிடித்தாய் என்றார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, முகமே சொல்லிவிட்டது. “வயிறு சரியில்லக்கா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அடி விழுந்திருந்தால் மறந்திருப்பேன். மறுநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அதே இடத்தில் உட்காரவைத்தார். குஞ்சுக் கூட்டம் இருந்தது. ஆனால் இரண்டு மூன்றாகச் சிதறிக் கிடந்தது. ஓரத்தில் இரண்டு கொக்கு. கீழிருந்து ஏதோ மீன்கள் பளிச் பளிச்சென்று வந்து கொத்திப் போயின. “கணக்குல கெட்டிக்காரனாச்சே. எண்ணு” என்றார். அதற்கடுத்த நாளும் கூட்டிப் போனார். அன்றைக்கு எண்ணுவதற்கு அதிகம் இல்லை. மூன்றாம் நாள் தண்ணீர் சும்மா இருந்தது.

மாமா திட்டவே இல்லை. அந்த வருஷம் முழுக்க என்னைத் தூண்டில் போட அழைக்கவும் இல்லை.

* * *

பி.காம். முடித்தேன். ஆடிட்டர் ஆபீஸில் ஆறு மாதம் வவுச்சருக்கு டிக் அடித்தேன். தாங்காமல் பத்திரிகைக்கு ஓடிவந்தேன். மீனை மறந்தே போனேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஊட்டியைத் தாண்டி அவலாஞ்சிக்கு ஒரு வேலையாகப் போனபோது அது திரும்பி வந்து கடித்தது.

அவலாஞ்சியில் ட்ரவுட் மீன் குஞ்சுப் பண்ணை ஒன்று உண்டு. 1907-ல் ஹெச்.சி. வில்சன் என்பவர் காலத்தில் வந்தது. அதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே, இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய டாக்டர் பிரான்சிஸ் டே, 1863-ல் நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றிருக்கிறார். கப்பலில் வரும் முட்டை வெயில் தாங்காது. ஐஸ் வேண்டும். மலைக்கு ஏற்ற மாட்டு வண்டி வேண்டும். இத்தனை பாடும் எதற்கு? ஊட்டிக் குளிரில் துரைமார்களுக்குத் தங்கள் ஊர் ஓடையில் தூண்டில் போட்ட ஞாபகம் வந்துவிட்டது. அவ்வளவுதான் காரணம். ஏக்கம் வந்தால் மனுஷன் மீனைக்கூடக் கப்பலேற்றுவான்.

கடைசியில் நிலைத்தது வானவில் ட்ரவுட். உடம்பின் பக்கவாட்டில் ரோஸ் நிறத்தில் ஒரு பட்டை ஓடும். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடானால் தவித்துப் போகும். பண்ணையில் வேலை பார்த்தவர் முட்டை எடுக்கும் விதத்தை எனக்குச் சொன்னார். சினை மீனின் வயிற்றை மெல்ல நீவினால், ஜவ்வரிசி போல முட்டைகள் பாத்திரத்தில் விழும். ஆண் மீனின் விந்தையும் அதே போல் எடுத்துச் சேர்த்து, மென்மையாகக் கலக்க வேண்டும். பிறகு குளிர்ந்த நீர் ஓடும் தட்டுகளில் வைத்தால், 10 டிகிரித் தண்ணீரில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பொரியும்.

“தாய் பக்கத்துல இருக்க வேணாமா?” என்று கேட்டேன்.

“ட்ரவுட் முட்டையைப் போட்டுட்டுப் போயிடும் சார். காவல் எல்லாம் கிடையாது” என்றார்.

எனக்கு ஐப்பசிக் கண்மாய் ஞாபகம் வந்தது. பேச்சை மாற்றிவிட்டேன்.

ட்ரவுட்டுக்குப் போடும் தூண்டில் தனி ரகம். இரை கிடையாது. முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றி, ஈ மாதிரி, பூச்சி மாதிரி ஒன்று செய்கிறார்கள். அதற்கு எடையே இல்லை. அதனால் கனமான நூலைச் சாட்டை போலச் சொடுக்கி, அந்தப் போலிப் பூச்சியை நீர்மேல் போய் இறங்கச் செய்ய வேண்டும். நிஜப் பூச்சி விழுவது போலவே விழ வேண்டும். நூலின் நிழல் பட்டால்கூட ட்ரவுட் போய்விடும்.

வெள்ளைக்காரர்கள் நம் கண்மாயையும் விடவில்லை. ஹென்றி சல்லிவன் தாமஸ் என்று மதராஸ் மாகாணத்தில் ஒரு கலெக்டர் இருந்தார். 1873-ல் ‘தி ராட் இன் இந்தியா’ என்று தூண்டிலைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். ஆசை அடங்காமல் 1887-ல் இன்னொன்று, ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’. முழுக்க முழுக்க குளத்திலும் கண்மாயிலும் தூண்டில் போடுவது பற்றி! எங்கள் அப்பாவுக்கு அன்றைக்கே இந்தத் தகவல் தெரிந்திருந்தால் மாமாவின் மரியாதை கொஞ்சம் கூடியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். கலெக்டர் செய்தால் பொழுதுபோக்கு. மில் தொழிலாளி செய்தால் பொழப்பத்த வேலை.

* * *

2023 ஆகஸ்ட்டில் அமெரிக்கா போக ஒரு வாய்ப்பு. சியாட்டிலில் என் கல்லூரி நண்பன் இருக்கிறான். ராஜபாளையத்துக்காரன். என்னோடு பி.காம். படித்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டர் பக்கம் தாவி, அங்கே போய் இருபது வருஷம். வீட்டில் ஒரு ராஜபாளையம் நாயின் படம் மாட்டிவைத்திருக்கிறான். காரின் மேல் ஒரு கயாக் கட்டிவைத்திருக்கிறான்.

“சரியான வருஷத்துல வந்திருக்கே. இது ஒத்தப்படை வருஷம்” என்றான்.

ஜோசியம் இல்லை. அங்கே பிங்க் சால்மன் என்று ஒரு ஜாதி. அதன் ஆயுள் கச்சிதமாக இரண்டு வருஷம். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், திரும்பி வந்து, பிறந்த ஆற்றிலேயே முட்டையிட்டுச் செத்துவிடும். சியாட்டில் பக்கத்துக் கடலில் அது ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் லட்சக்கணக்கில் வரும். இரட்டைப்படை ஆண்டில் தேடினால் கிடைக்காது.

இன்னொன்றும் சொன்னான். நம் அவலாஞ்சி வானவில் ட்ரவுட்டின் பூர்வீகமே இந்தப் பசிபிக் கரையோர ஆறுகள்தானாம். சால்மனும் அதுவும் பங்காளிகள். அதே ட்ரவுட்டில் சிலது கடலுக்குப் போய்த் திரும்பும், அதற்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். ஊட்டிக் குளிரில் நான் பார்த்த மீனின் சொந்த ஊருக்கு வந்து நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அவனுடைய பெட்டியைத் திறந்து காட்டினான். வரிசையாகப் போலிப் பூச்சிகள். ஒன்றில் ஒரு இறகு. மெழுகில் செய்த பொட்டு போல வெள்ளையும் மஞ்சளுமாகப் பளபளத்தது. “இது என்னன்னு சொல்லு பார்ப்போம்” என்றான். எனக்கா தெரியாது? செண்பகத்தோப்புக் காட்டில் விடியற்காலையில் கூவுமே, சாம்பல் காட்டுக்கோழி, அந்தச் சேவலின் கழுத்து இறகு! விக்டோரியா மகாராணி காலத்தில் சால்மன் தூண்டிலுக்காக நம் காடுகளிலிருந்து இதைக் கட்டுக் கட்டாகக் கப்பலேற்றினார்கள். பிறகு இந்தியா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. இப்போது வெளிநாட்டில் கூண்டில் வளர்க்கும் கோழிகளிலிருந்து எடுக்கிறார்களாம். ஸ்காட்லாந்து சால்மனுக்கு நம் மலைச் சேவலின் கழுத்து எத்தனை பழக்கமோ!

மறுநாள் விடிவதற்கு முன் ப்யூஜெட் சவுண்ட் கரையில் இருந்தோம். கடல் உள்ளே புகுந்து நிற்கும் கழி அது. கயாக்கின் மேல்தான் உட்கார வேண்டும், உள்ளே இல்லை. அலை தெறித்தால் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் தானே வடிந்துவிடும். நம் கட்டுமரத்தில் கட்டைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் போகும் அதே கதைதான். மரக்கட்டைக்குப் பதில் பிளாஸ்டிக்.

“நான் கிணத்துல குதிச்சு வளர்ந்தவன்டா” என்று லைஃப் ஜாக்கெட்டை மறுத்தேன். நண்பன் என் கையைப் பிடித்துத் தண்ணீரில் வைத்தான். ஆகஸ்ட் மாதம்தான். ஆனாலும் சுரீரென்றது. “விழுந்தா முதல்ல நீச்சல் வராது, மூச்சுத்தான் வாங்கும். வாயைத் திறந்தா தண்ணி உள்ள போயிடும்” என்றான். மறு பேச்சில்லாமல் மாட்டிக்கொண்டேன். தூண்டில் கம்பு, துடுப்பு எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கயாக்கோடு கட்டியிருந்தான்.

தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதில்லை இது. போட்டுவிட்டுப் படகை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ட்ரோலிங் என்கிறார்கள். நம் கடலோரத்தில் சீலா மீனுக்கு நரம்பை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். நரம்பில் முதலில் 150 கிராம் ஈயம். அதற்குப் பின்னால் சுழன்று பளபளக்கும் ஒரு பட்டைத் தகடு. அதற்கு இரண்டு அடி பின்னால் ரோஸ் கலரில் ரப்பர் கணவாய், அதற்குள் முள். தகடு மீனை வரவழைக்கும். கணவாய் கடிக்க வைக்கும். கம்பைக் கண் முன்னால் தெரிகிற மாதிரி முன்பக்கக் குழாயில் சொருக வேண்டும்.

வேகம்தான் சூட்சுமம். மணிக்கு மூன்று கிலோமீட்டர், அதாவது கோயில் பிரகாரம் சுற்றுகிற நடை. வேகம் போனால் ஈயம் மேலே வந்துவிடும். நின்றால் கீழே போய்விடும். துடுப்பு போடும்போது ஒரு இழுப்பு, விடும்போது ஒரு தளர்ச்சி என்று கயாக் போவதால் கணவாய்க்கு உயிர் வந்துவிடுகிறது. மோட்டார் படகில் இது கிடைக்காது. நேர்கோட்டில் போகாமல் வளைந்து வளைந்து போகச் சொன்னான். வளையும்போது உள்பக்கத் தூண்டில் மெதுவாகும், வெளிப்பக்கத் தூண்டில் வேகமாகும். எதில் கடிக்கிறதோ அதுதான் இன்றைக்கு மீனுக்குப் பிடித்த வேகம்.

கம்பின் நுனி ‘டக்... டக்...’ என்று சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. அடியில் தகடு ஒழுங்காகச் சுழல்கிறது என்று அர்த்தம். துடிப்பு நின்றால் பாசி சிக்கியிருக்கும். நான் அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மயிலிறகுத் தண்டு, பதின்மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி வேறு வேஷத்தில்.

முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு பிங்க் கிடைத்தது. ஒன்றைப் பிடித்ததும் நண்பன் மீனைக் கவனிக்காமல் பாக்கெட்டிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் பேனாவால் எழுத ஆரம்பித்தான். என்ன மீன், எந்தத் தேதி, எந்தப் பகுதி. பிடித்த உடனே எழுத வேண்டுமாம். எழுதாவிட்டால் அபராதம். மீனுக்குப் பேரேடு! படித்த காமர்ஸ் அங்கேதான் பிரயோஜனப்பட்டது, பிறகு எல்லா என்ட்ரியும் நானே போட்டேன்.

அப்புறம்தான் அது கடித்தது.

கம்பு நுனி துடிக்கவில்லை, ஒரேயடியாகத் தண்ணீருக்குள் போனது. ரீல் அலறியது. கயாக்கே திரும்பி மீன் போகும் திசையில் நகர ஆரம்பித்தது. “இழுக்காதே, ஓட விடு, களைக்கட்டும்!” என்று கத்தினான் நண்பன். இருபது நிமிஷம் இருக்கும். கை செத்துவிட்டது. பக்கத்தில் வந்தபோது பார்த்தேன். வெள்ளிப் பாளம். வால் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். வாயைத் திறந்தால் ஈறு கறுப்பு. சினூக். சால்மனுக்கெல்லாம் ராஜா.

“முதுகைப் பாரு” என்றான் நண்பன், குரல் இறங்கி.

சால்மனுக்கு முதுகில் பெரிய செட்டைக்கும் வாலுக்கும் நடுவே, சதைத் துணுக்கு மாதிரி ஒரு குட்டிச் செட்டை உண்டு. பண்ணையில் பொரித்துவிடும் குஞ்சுகளுக்கு அதைச் சின்ன வயதிலேயே வெட்டிவிடுகிறார்கள். வெட்டியிருந்தால் பண்ணை மீன். வெட்டாமல் முழுசாக இருந்தால் ஆற்றில் தானாகப் பிறந்த காட்டு மீன். இந்தக் கடலின் சினூக் 1999-லிருந்து அழிவு அபாயப் பட்டியலில் இருக்கிறது. காட்டு சினூக்கை விட்டுவிட வேண்டும். விடுவதற்காகப் படகுக்குள் தூக்கவும் கூடாது. தண்ணீரில் வைத்தே முள்ளைக் கழற்ற வேண்டும். அதனால்தான் அங்கே முள்ளில் எதிர்முனை இருக்கக் கூடாது என்று சட்டம். தளர்த்தினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

என் மீனின் முதுகில் குட்டிச் செட்டை முழுசாக, என்னவோ சொல்ல வருவது போல ஆடிக்கொண்டிருந்தது.

போட்டோ எடுக்கவாவது தூக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சுற்றிலும் யாரும் இல்லை. அட்டையில் எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்பா இருந்திருந்தால் “பரவாயில்லையே” என்று சொல்லியிருப்பார்.

ஆற்றுக்குப் போகிற சால்மனுக்குப் பசியே குறைந்துவிடும் என்று நண்பன் காலையில் சொல்லியிருந்தான். பிறகு ஏன் கடிக்கிறது என்று கேட்டதற்கு, “கோபம்தான். வழியில குறுக்க வர்றதை ஒரு கடி” என்றான். அது எனக்கு அந்த நேரத்திலா ஞாபகம் வர வேண்டும்?

முள்ளைத் தளர்த்தினேன். அது உடனே போகவில்லை. கயாக்கின் பக்கத்தில் இரண்டு மூச்சு நின்றது. பிறகு வாலை ஒரு வீசு வீசியது. முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நண்பன் உப்புத் தண்ணீரால் என்று நினைத்திருப்பான். இருக்கட்டும்.

* * *

ஊருக்கு வந்ததும் மாமாவைப் பார்க்கப் போனேன். மில்லிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. முழங்கால் வலி. கண்மாய் இப்போது குத்தகை ஏலம். விதை மீன் விட்டு, தண்ணீர் வற்றும்போது வலை போட்டு வழித்துவிடுகிறார்கள். தூண்டிலோடு கரையில் உட்கார்ந்தால் காவல்காரர் விரட்டுகிறார். ஜிலேபிதான் நிறைய. “சிவப்புக் குஞ்சைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு” என்றார்.

நான் சினூக் கதையைச் சொன்னேன். செட்டை வெட்டுவது, அட்டையில் எழுதுவது, தூக்கக் கூடாது என்பது எல்லாம். காது கொஞ்சம் மந்தம், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சட்டத்துக்குப் பயந்து விட்டியா மாப்ளே?”

“இல்ல மாமா.”

அவர் தலையாட்டினார். முப்பது வருஷத்துக்கு மேல் என் கணக்கில் திறந்தே கிடந்த ஒரு பற்று. அது நேரானதா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கண்மாயில் போன குஞ்சுகள் போனதுதான். ஆனால் மாமா எழுந்து போகவில்லை. அக்காவிடம், அதாவது என் அம்மாவிடம், “மீன் குழம்பு இருந்தா போடுக்கா” என்றார்.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார். “எடை எவ்வளவு இருக்கும்?”

“நிறுக்க முடியாதே மாமா. ஒரு பன்னெண்டு கிலோ இருக்கும்.”

“எட்டு இருக்கும்” என்று சிரித்தார். “பிடிச்ச மீனு குழம்போட சரி மாப்ளே. விட்ட மீனுதான், சொல்லச் சொல்ல வளரும்.”